அறுந்த தசைநாணும் அளந்த பயிற்சியும்

"விரல் நரம்பு அறுந்துவிட்டது", "குதிகால் நரம்பு வெட்டிக்கொண்டது" என்று தோட்டப்புறத்திலும் பட்டணத்திலும் நாம் பேசிவருகிறோம். நரம்பு என்பது நம் மொழியில் பழமையான சொல். பல பொருள் தாங்கி நிற்பது. யாழில் கட்டிய தந்தியும் நரம்பு. வெற்றிலையில் ஓடும் கோடும் நரம்பு. புறங்கையில் புடைத்து நிற்கும் நீலக் குருதிக் குழாயும் பேச்சு வழக்கில் நரம்பு. மூளையின் ஏவலைத் தசைக்குக் கொண்டு செல்லும் இழையும் நரம்பு. தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறும் நரம்பு. இலக்கியத்திற்கு இது வளமாகலாம். மருத்துவமனையிலோ இதனால் விளைவது குழப்பமே. தசையையும் எலும்பையும் பிணைக்கும் கயிறு அறுந்து தையல் போட்டுக்கொண்ட ஒருவர், "நரம்புக்கு நல்லது" என்று எழுதியிருக்கும் பி வைட்டமின் மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவதை நான் கண்டிருக்கிறேன். அம்மாத்திரை மூளையின் ஏவலைச் சுமக்கும் நரம்பை எண்ணிச் செய்யப்பட்டது. அறுந்த கயிற்றுக்கும் அதற்கும் உறவு இல்லை.

பள்ளிப் பாடநூல்கள் இக்கயிற்றைத் தசைநாண் என்று பிரித்துக் கூறுகின்றன. நல்ல சொல். வில்லில் கட்டிய நாண் தானாக எதையும் செய்வதில்லை. வில்லாளியின் கை இழுத்த விசையை அம்புக்குச் சேர்ப்பதே அதன் பணி. உடம்பிலும் அவ்வாறே. சுருங்குவது தசை, அச்சுருக்கத்தின் விசையை எலும்புக்குச் சேர்ப்பது நாண். நம் விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முன்கையில் உள்ளன. இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். பிடித்த இடத்தில் தசை துடிப்பது தெரியும். அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைச் சென்று பற்றுகின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னே நின்று கயிற்றை இழுப்பதற்கு இஃது ஒப்பாகும்.

நாணில் ஈரத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மெல்லிய இழைகள் சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து வடமாகி, ஏறத்தாழத் தேர்வடம் போலவே அமைந்துள்ளது. தசையில் குருதி ஓட்டம் மிகுதி, அது சிவப்பு. நாணில் குறைவு, அது வெள்ளை. சமையற்கட்டில் இறைச்சி நறுக்கியவர் யாவரும் இவ்வேற்றுமையைக் கண்டிருப்பர். குருதி குறைந்த இடத்தில் பழுது பார்க்கும் வேலையும் மெல்லவே நடைபெறும். தோலில் பட்ட வெட்டு இரண்டு வாரத்தில் ஆறிவிடுகிறது. அதன் கீழே அறுந்த நாண் பழைய வலிமைக்கு அருகில் வர ஓராண்டு வரையிலும் ஆகலாம். மேலே தழும்பு மட்டும் தெரிவதால், உள்ளேயும் எல்லாம் முடிந்துவிட்டதென்று நாம் ஏமாறுகிறோம்.

உள்ளே நடப்பது யாது? முதல் ஓரிரு வாரங்களில் அறுந்த இடத்தில் குருதி உறைந்து, வீக்கமும் அழற்சியும் தோன்றும். அடுத்து, ஏறக்குறைய ஆறு வாரம் வரை புதிய கொலாஜன் உண்டாகும். ஆயின் அது மெலிந்தது, ஒழுங்கற்றது. வைக்கோற்போர் போல இழைகள் எல்லாத் திசையிலும் கிடக்கும். பின்னர் மாதக்கணக்கில் நடைபெறுவது ஒழுங்குபடுத்தும் வேலை. மெலிந்த இழைகள் நீங்கி வலிய இழைகள் அமைகின்றன; அவை நாண் இழுபடும் திசையில் வரிசையாகப் படுக்கின்றன. இழுவையே இல்லையாயின் எத்திசையில் படுப்பதென்று இழைகளுக்கு வழிகாட்ட ஏதுமில்லை. மருத்துவர் தையலால் இரு முனைகளையும் சேர்த்து வைக்கிறார். அவ்விடத்தை மீண்டும் நாணாக்குவது, நாள்தோறும் அளந்து கொடுக்கப்படும் இழுவையே.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. முதற் சில வாரங்களில் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருப்பது தையல் நூல் மட்டுமே. வலிந்து இழுத்தால் அது அறும். அசைக்காமலே வைத்திருந்தாலோ, வளரும் புதுத்திசு பக்கத்திலுள்ள தோலோடும் உறையோடும் எலும்போடும் ஒட்டிக்கொள்ளும். அசைத்தால் அறும், அசைக்காவிட்டால் ஒட்டும். தசைநாண் அறுவை மருத்துவத்தின் நூறாண்டு வரலாறே இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதையைத் தேடிய வரலாறு எனலாம்.

விரலும் ரப்பர் வளையமும்

இச்சிக்கல் மிகக் கடுமையாக வெளிப்படுவது கையில்தான். அமெரிக்க அறுவை மருத்துவர் ஸ்டெர்லிங் பனெல், உள்ளங்கையின் மேற்கோட்டிலிருந்து விரலின் நடு எலும்பு வரையுள்ள சிறு பகுதியை "எவருக்கும் உரிமையில்லா நிலம்" என்று போர்க்கள வழக்கால் குறித்தார். அங்கே இரண்டு நாண்கள் ஒரு குறுகிய குழலுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடுகின்றன. அவ்விடத்தில் வெட்டுப்பட்டுத் தைத்தால் நாணும் நாணும், நாணும் குழலும் ஒட்டிக்கொண்டு விரல் கட்டையாகிவிடும். ஆகவே, உடனே நாணைத் தைக்காமல் தோலை மட்டும் மூடிவிட்டு, பின்னொரு நாள் வேறிடத்து நாணை எடுத்து வைப்பதே நெடுங்காலம் முறையாக இருந்தது.

இதனை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பணியாற்றிய ஹெரால்டு கிளைனெர்ட். 1960களில் அவரும் உடனுழைத்தோரும் அந்நிலத்திலேயே நாணை உடனடியாகத் தைத்து, பின்னர் ஓர் எளிய சூழ்ச்சியைக் கையாண்டனர். கையின் புறத்தே ஒரு தாங்கு பலகை கட்டி, விரல்கள் முழுதும் நீளாதவாறு தடுத்தனர். விரல் நகத்தில் ஒரு கொக்கியை ஒட்டி, அதிலிருந்து மணிக்கட்டின் உட்புறம் வரை ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினர். நோயாளி தம் முயற்சியால் விரலை நீட்டுவார். நீட்டுவது புறங்கைத் தசைகள். தையல் போட்ட நாணுக்கு அதில் வேலையில்லை. கையைத் தளர்த்தியவுடன் ரப்பர் விரலை மீண்டும் மடக்கிவிடும். தையலிட்ட நாண் குழலுக்குள் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். ஆனால் அதன் தசை அதனை இழுக்காது. அறாமலும் ஒட்டாமலும் இருக்க ஒரு வழி பிறந்தது. தோட்டத் தொழிலாளி சீவிய மரத்தின் பால், வெட்டுப்பட்ட விரலைக் காக்கத் திரும்பி வந்ததை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

இன்று தையல் முறை மேலும் வலிமை பெற்றுவிட்டது. நான்கு இழை, ஆறு இழையென நாணுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நூல் கோத்துத் தைக்கிறார்கள். ஆதலின் பல மருத்துவமனைகளில் ரப்பர் வளையத்தை விட்டு, முதல் வாரத்திலேயே நோயாளி தாமே விரலை மெல்ல மடக்கும் பயிற்சியைத் தொடங்குகின்றனர். தாங்கு பலகை ஏறத்தாழ ஆறு வாரம். அதன் பின் சிறு வேலைகள். வலிந்து பிடித்து இழுக்கும் வேலை ஏறத்தாழப் பன்னிரண்டு வாரத்திற்குப் பின். இக்கணக்கு ஆளுக்கு ஆள், தையலுக்குத் தையல் மாறும். தைத்த மருத்துவரும் பயிற்சியாளரும் கூறுவதே இறுதி.

நம் தோட்டங்களில் இன்று பால்மரத்தைவிடச் செம்பனை மிகுதி. பால்வெட்டுக் கத்தியின் இடத்தை நீண்ட கழியில் பூட்டிய அரிவாளும் உளியும் பிடித்துக்கொண்டன. குலை வெட்டும் ஒருவர், எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் தந்தை, இரு விரல்களின் நாண்களை அறுத்துக்கொண்டார். மருத்துவமனையில் நன்றாகத் தைத்தனர். பயிற்சிக்கு வாரம் இருமுறை வரச் சொன்னார்கள். பேருந்து மாறிப் போக வேண்டும். தோட்ட அலுவலகமோ போன நாட்களைக் கூலியில்லா நாட்களாகக் கணக்கிட்டது. மூன்றாம் வாரத்தோடு அவர் நின்றுவிட்டார். தையல் பிரியவில்லை, நாண் அறவில்லை. ஆயினும் விரல்கள் பாதி மடங்கியபடியே உறைந்துவிட்டன. அறுவை வெற்றி, கை தோல்வி. வீட்டு அலமாரியில் மட்டும் விலையுயர்ந்த மூன்று சத்து மாத்திரைப் புட்டிகள் இருந்தன. புட்டிக்குச் செலவான வெள்ளியைக் கணக்கிட்டால் பல நாள் பேருந்துக் கட்டணம் ஆகும்.

வேலூரில் விரல்கள் கற்ற பாடம்

தசைநாண் அறுவைக்குப் பின்வரும் பயிற்சியை மறுகல்வி என்றே மருத்துவர்கள் அழைப்பதுண்டு. அச்சொல் எத்துணைப் பொருத்தமானது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு பெருஞ்சான்று இருக்கிறது. பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயப் பெற்றோரின் மகன். 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் பருந்தின் நகம்போல் மடங்கிப் போனவர்களை அங்கே கண்டார். அந்நோய் தாக்குவது நாணையன்று, மெய்யான நரம்பை. நரம்பு செத்ததால் கையிலுள்ள சிறு தசைகள் செயலற்றுப் போகின்றன. முன்கையின் பெருந்தசைகளும் அவற்றின் நாண்களும் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. ஆகவே பிராண்ட், நலமாயுள்ள ஒரு நாணைப் பிரித்து, வேறு வழியாகக் கொண்டு சென்று, செயலிழந்த தசை செய்துவந்த வேலைக்கு அதனை அமர்த்தினார். 1948 முதல் இத்தகைய அறுவைகளை அவர் செய்துவந்தார். நம் பினாங்குத் தீவின் கரையோரத்து ஜெரெஜாக் தீவிலும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் தொழுநோயாளர் குடியிருப்பு இருந்ததாதலின், மடங்கிய விரலின் துயரம் இவ்வூர்ப் பெரியோர்க்குப் புதிதன்று.

கத்தியின் வேலை சில மணி நேரம். பின் ஏறத்தாழ மூன்று வாரம் மாவுக்கட்டு. அதனைப் பிரித்தபின் தொடங்கியதே மெய்யான வேலை. மோதிர விரலை மடக்குவதற்கென்று பிறந்த தசை, இனி விரல்களின் அடிக்கணுவை மடக்கி நடுக்கணுவை நீட்டவேண்டும். மூளைக்கோ இச்செய்தி தெரியாது. பழைய ஏவலையே அது அனுப்பிக்கொண்டிருக்கும். "மோதிர விரலை மடக்குவதாக நினையுங்கள்" என்று பயிற்சியாளர் கூறுவார். நோயாளி அவ்வாறு நினைக்க, புதிய அசைவு தோன்றும். அதனைக் கண்ணால் கண்டு, மீண்டும் நினைத்து, மீண்டும் கண்டு, நாளடைவில் புதுப்பாடம் பழகிப்போகும். தொழுநோயாளர்க்கு விரலில் தொடுவுணர்ச்சியும் இன்மையால் கண்ணே ஆசான். 1951இல் வேலூரில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் அவர்கள் தச்சு வேலை பயின்றனர். இழைப்புளி பிடிப்பதும் மரப்பொம்மை செய்வதும் கைத்தொழிலாகவும் கைப்பயிற்சியாகவும் ஒருங்கே அமைந்தன.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் வியப்பில்லை. தேர்வுக்கு முன்னிரவு ஐந்து மணி நேரம் படிப்பவனைவிட, நாள்தோறும் அரைமணி நேரம் படிப்பவனே தேறுகிறான். பயிற்சித் தாள்கள் "மணிக்கு ஒருமுறை, பத்துத் தடவை" என்று கூறுவதும் இதனாலேதான். காலையில் நூறு முறை ஒரே மூச்சில் செய்து முடித்துவிட்டு மாலைவரை கையைத் தொங்கவிடுவது அதற்கு ஈடாகாது. இடைப்பட்ட நேரத்தில் வீக்கம் ஏறும், ஒட்டுதலும் வளரும்.

குதிகாலின் கணக்கு

குதிகாலுக்கு மேலேயுள்ள நாணே உடம்பில் தடித்ததும் வலியதும். ஃபிளாண்டர்ஸ் நாட்டு உடற்கூற்றறிஞர் பிலிப் வெர்ஹேயன் 1693இல் கிரேக்க வீரன் அக்கிலீஸின் பெயரை அதற்குச் சூட்டினார். குதிகால் ஒன்றே அவ்வீரனுக்கு மரணம் நுழையும் வழியென்பது கதை. நம் கண்ணபிரானும் காலில் பட்ட வேடன் அம்பால் உலகு நீத்தான் என்று பாரதம் கூறுவதை இங்கே நினைவுகூரலாம். குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 செண்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் குருதி ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அறுவதும் அங்கேதான். வாரமெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருந்து, சனிக்கிழமை மாலை மண்டபத்தில் பூப்பந்து ஆடும் நடுவயதினரே இதற்கு மிகுதியும் ஆளாகின்றனர். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் தோன்றுமாம். திரும்பிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை.

அறுந்த குதிநாணைத் தைத்தே ஆகவேண்டுமா? 2022இல் நார்வே நாட்டு மருத்துவர்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை மூன்று பிரிவாக்கி ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். தைக்காமல் தாங்குகாலணியும் பயிற்சியும் மட்டும் பெற்றோர், திறந்து தைத்துக்கொண்டோர், சிறு துளையிட்டுத் தைத்துக்கொண்டோர் ஆகிய மூவகையினரும் ஓராண்டு முடிவில் செயற்பாட்டில் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். வேற்றுமை இடர்களில்தான். தைக்காதோரில் 6.2 விழுக்காட்டினருக்கு நாண் மீண்டும் அறுந்தது, தைத்தோரில் 0.6 விழுக்காட்டினருக்கே அவ்வாறாயிற்று. நரம்பு காயமுறுவது தைத்தோரிடம் மிகுதி. மூன்று பிரிவினர்க்கும் பொதுவாய் இருந்தது யாதெனின் பயிற்சி. கத்தியின்றித் தேறியோர் உண்டு. பயிற்சியின்றித் தேறும் வழியை அவ்வாராய்ச்சி யாருக்கும் வைக்கவில்லை.

பயிற்சியின் போக்கு இது: முதலில் முன்பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கக் குதிகாலின் கீழே ஆப்புகள் வைத்த காலணி; சில வாரங்கள் கழிய ஆப்புகள் ஒவ்வொன்றாக நீங்கும்; ஆறு முதல் எட்டு வாரத்தில் காலணியும் நீங்கும். பின்னர் இரு காலாலும் குதிகால் உயர்த்தி நிற்றல். அது கைவந்தபின் ஒற்றைக் காலால். மெல்லோட்டம் நான்கு முதல் ஆறு மாதத்தில்; குதித்துத் திரும்பும் ஆட்டங்கள் ஆறு மாதத்திற்கும் ஓராண்டிற்கும் இடையில். ஏமாற்றும் காலம் ஒன்று நடுவில் உண்டு. காலணி நீங்கி, வலி நின்று, நடை இயல்பானதும், "எல்லாம் சரியாகிவிட்டது" என்று மாடிப்படியில் தாவுவோர் பலர். நாண் மீண்டும் அறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான்.

ஆட்டக்காரர்களின் நாட்குறிப்பைப் பார்த்தால் பொறுமை வரும். காற்பந்து வீரர் டேவிட் பெக்கம் 2010 மார்ச்சில் குதிநாண் அறுந்து பின்லாந்தில் அறுவை செய்துகொண்டார். அவ்வாண்டின் உலகக் கிண்ணத்தை இழந்து செப்டம்பரில் திடலுக்குத் திரும்பினார். சச்சின் டெண்டுல்கர் முழங்கை நாணுக்காக 2005 மே மாதம் இலண்டனில் அறுவை செய்துகொண்டு அக்டோபரில் மட்டை பிடித்தார். பந்து வீச்சாளர் முகமது ஷமி 2024 பிப்ரவரியில் குதிநாண் அறுவைக்குப் பின் நவம்பரில்தான் உள்நாட்டு ஆட்டத்திற்கு வந்தார். தனி மருத்துவரும் தனிப் பயிற்சியாளரும் சூழ இருந்தவர்களுக்கே ஐந்து முதல் ஒன்பது மாதம். மூன்றே மாதத்தில் மரம் ஏறலாமா என்று நம்மவர் கேட்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது.

உணவும் புட்டியும்

அறுவைக்குப் பின் நம் வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடுகிறது. முட்டை ஆகாது, மீன் ஆகாது, கோழி சூடு என்று ஒவ்வொன்றாக விலக்கி, இறுதியில் கஞ்சியும் துவையலுமே மிஞ்சும். அன்பின் காரணமாகச் செய்யப்படுவதே. ஆயினும் நாணுக்கு இது பட்டினி. அசையாமல் கட்டி வைத்த காலில் தசை எவ்வளவு விரைவாகக் கரைகிறதென்று நெதர்லாந்தில் நலமான இளைஞரிடம் அளந்து பார்த்தனர்: இரண்டு வாரத்தில் தொடைத் தசையின் பருமன் ஏறத்தாழ 8 விழுக்காடும், வலிமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் குறைந்தன. தசை மெலிந்தால் நாணுக்கு அளந்து கொடுக்க இழுவை ஏது?

நலமானவர்க்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பர். அறுவைக்குப் பின் 1.2 முதல் 1.5 கிராம் வரை பரிந்துரைக்கின்றனர். 60 கிலோ எடையுள்ளவர்க்கு நாளொன்றுக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். வெந்த பருப்பு 100 கிராமில் 9. தெம்பே 100 கிராமில் ஏறத்தாழ 19. வெந்த கோழி இறைச்சி 100 கிராமில் 27 அளவில். நெத்திலிக் கருவாடும் பாலும் சேர்த்தால் கணக்கு நிறைவு பெறும். புட்டியில் அடைத்த புரதப் பொடி பெரும்பாலோர்க்குத் தேவைப்படாது. சிறுநீரக நோயுள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்டவேண்டும். மலாய்க் குடும்பங்களில் அறுவைக்கும் மகப்பேற்றுக்கும் பின் ஹாருவான் மீன் சாறு கொடுப்பது வழக்கம். அது நம் விரால் மீனே. சாற்றை மட்டும் குடித்து மீனைத் தள்ளிவிடாமல் இரண்டையும் உண்பது நன்று.

அடுத்தது வைட்டமின் சி. உடம்பு கொலாஜனை முறுக்கி உறுதியாக்கும்போது இது கட்டாயம் வேண்டும். இது முற்றிலும் இல்லாமற் போனால் நேரும் நிலையைப் பழைய கப்பலோட்டிகள் கண்டனர். 1740இல் புறப்பட்ட ஆன்சன் என்னும் ஆங்கிலத் தளபதியின் கடற்பயணத்தில், ஐம்பதாண்டுகட்கு முன் ஆறிய புண்ணும் மீண்டும் வாய் திறந்ததென்று குறிப்பு உண்டு. அதற்காக ஆயிரம் மில்லிகிராம் மாத்திரையை நாட வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு நூறு மில்லிகிராமுக்குள்ளேயே தேவை அடங்கிவிடும். கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சமைத்தால் அழியும் சத்தாதலின் பச்சையாக உண்பதே முறை.

இப்போது கடைகளில் பெரிதும் பேசப்படுவது கொலாஜன் பொடி. நாணே கொலாஜன், ஆகவே கொலாஜனை உண்டால் நாண் வளரும் என்பது விற்போர் வாதம். உண்ட கொலாஜன் குடலில் சிறு துண்டுகளாகச் சிதைந்தே குருதியில் சேர்கிறது. அப்படியே போய் அறுந்த இடத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. எனினும் வாதத்தை முற்றும் தள்ளவும் இயலாது. 2017இல் கலிபோர்னியாவின் கீத் பார் என்பவரும் உடனாய்ந்தோரும் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், வைட்டமின் சி கலந்த 15 கிராம் ஜெலட்டினை உண்டு, ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாண்டியவர்களின் குருதியில், கொலாஜன் உண்டாவதைக் காட்டும் குறி இருமடங்காயிற்று. ஆராயப்பட்டோர் எட்டுப் பேர். எல்லாரும் நலமான ஆடவர். அறுவை செய்துகொண்டவர் ஒருவரும் இல்லை. அதிலும் கயிறு தாண்டுதல் பாதிப் பங்கு என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஜெலட்டின் என்பது விலங்கின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. நம் வீட்டு ஆட்டுக்கால் சூப்பு ஆறியதும் கட்டியாவது அதனாலேயே. கொல்லிமலைப் பக்கம் முடவாட்டுக்கால் கிழங்கு என்று ஒன்று விற்பார்கள். ஆட்டின் கால்போல் மயிர் அடர்ந்த தோற்றம் உடையது. மூட்டு வலிக்குச் சூப்பு வைப்பர். பெயரில் ஆட்டுக்கால் இருப்பினும் அது தாவரம். அதில் கொலாஜன் துளியும் இராது.

மற்றவற்றை விரைந்து கடப்போம். சுண்ணாம்புச் சத்து எலும்புக்குரியது. குளுக்கோசமின் மூட்டுக் குருத்தெலும்பைக் கருதி விற்கப்படுவது. இரண்டும் நாணை நோக்கியவை அல்ல. மஞ்சள் குழம்பில் இருக்கட்டும்.

புட்டியில் எழுதியிராதது உள்ளே இருப்பதுதான் பேரிடர். இதற்கு நம் பினாங்கு மாநிலமே நன்கறிந்த ஒரு நிகழ்ச்சி சான்று. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய், 2014 ஆகஸ்டில் கோப்பன்ஹேகனில் நடந்த உலகப் போட்டியில் சோதிக்கப்பட்டபோது, அவர் உடலில் டெக்ஸாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து காணப்பட்டது. தொடைக் காயத்தோடு போராடிய ஆண்டு அது. 2015 ஏப்ரலில் விசாரணைக் குழு முடிவு கூறிற்று: ஏமாற்றும் நோக்கம் இல்லை, அவர் உட்கொண்ட கார்டிசெப்ஸ் என்னும் துணைச்சத்தின் ஜெலட்டின் உறை வழியாகவே அம்மருந்து உடலில் சேர்ந்தது. கார்டிசெப்ஸ் என்பது சீனர் "குளிர்காலப் புழு, கோடைகாலப் புல்" என்றழைக்கும் ஒருவகைக் காளான். ஆயினும் எட்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. உலகப் போட்டியின் வெள்ளிப் பதக்கமும் பறிபோயிற்று. உலகின் முதல்நிலை வீரர், மருத்துவர்கள் சூழ இருந்தவர், தம் புட்டியின் உறைக்குள் இருந்ததை அறிந்திலர். இரவுச் சந்தையில் பெயரில்லாப் பொட்டலம் வாங்குவோர் நிலை என்னாகும்?

மூட்டு வலிக்கும் உடல் வலிக்கும் விற்கப்படும் பதிவுபெறாத மருந்துகளில் இதே டெக்ஸாமெத்தாசோன் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. உட்கொண்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடும். அதனால்தான் அதற்குப் பெயரும் புகழும். ஆனால் ஸ்டீராய்டு புண் ஆறுவதைத் தாமதப்படுத்துவது, நாணையும் மெலிவிப்பது. வலியின்மையை நம்பி வேலைக்குப் போனவரின் தையல் உள்ளேயே பிரியும். நெடுநாள் உண்டவர் திடீரென்று நிறுத்துவதும் இடரே. மருத்துவரிடம் பொட்டலத்தைக் காட்டி, அவர் சொன்னபடி குறைக்கவேண்டும். நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்துக்கும் துணைச்சத்துக்கும் எம்.ஏ.எல். என்னும் எழுத்துகளில் தொடங்கும் பதிவெண் புட்டியின் மேல் இருக்கும். அவ்வெண் மருந்து பலன் தரும் என்பதற்கு உறுதியன்று. பதிவுபெற்றது என்பதற்கே சான்று.

மருத்துவர் எழுதித் தரும் மருந்திலும் ஒன்றை நினைவில் வைக்கலாம். சிப்ரோஃபுளோக்சசின் முதலிய ஒருவகை நுண்ணுயிர்க்கொல்லிகள் நாண் அழற்சிக்கும் நாண் அறுவதற்கும் காரணமாகலாமென்று அமெரிக்க உணவு, மருந்து ஆணையம் 2008இல் கட்டமிட்ட எச்சரிக்கை விதித்தது. நாண் அறுவை செய்துகொண்டவர் வேறு நோய்க்காக வேறு மருத்துவரிடம் போகும்போது அதனைச் சொல்லிவிடுதல் நலம். நீரிழிவோ இவை எல்லாவற்றினும் பெரிய தடை. 2019இல் நாட்டளவில் நடத்திய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடம் அவ்வளவு இன்னும் மிகுதி. குருதியில் சர்க்கரை மிகுந்தால் நாண் தேறுவது பிந்தும். புண்ணில் சீழும் எளிதிற் பற்றும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் புகையை விடுவதும் செய்யும் நன்மையை எந்தத் துணைச்சத்தும் செய்யாது.

வேலையிடத்தில் அடிபட்டவர்க்கு 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. மருத்துவ விடுப்புச் சீட்டு நான்கு நாளுக்குக் குறையாதிருப்பின், அந்நாட்களுக்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு பெறலாம். பெர்கெசோ நிறுவனத்தின் மறுவாழ்வு மையம் ஒன்று 2014 முதல் மலாக்காவில் இயங்குகிறது. தங்கிப் பயிற்சி பெறவும் அங்கே வசதி உண்டு. இதனை அறியாமல் கூலிக்கு அஞ்சிப் பயிற்சியை விட்டவர்கள் பலர். விண்ணப்பத்தை நிரப்பித் தருவது பள்ளியில் நம்மால் ஆகும் காரியமே. மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும் பயிற்சித் தாளைத் தமிழில் எழுதிக் கொடுப்பதும் அத்தகையதே. எழுதும்போது எத்தனை தடவை, எத்தனை மணிக்கு ஒருமுறை, எவ்வளவு வலி வந்தால் நிறுத்துவது என்னும் மூன்றையும் விடாமல் எழுதவேண்டும்.

உளியை எப்போது தூக்கலாம் என்று கேட்பவர்க்கு நாட்காட்டி மட்டும் விடை தராது. பயிற்சியாளரிடம் கைப்பிடியின் விசையை அளக்கும் ஒரு கருவி உண்டு. நலமான கையால் ஒருமுறை, தைத்த கையால் ஒருமுறை அழுத்தச் சொல்வார். இரண்டு எண்களையும் அட்டையில் குறிப்பார். அடுத்த மாதமும் அவ்வாறே. அட்டையில் அந்த இரண்டு எண்களும் நெருங்கி வருவதைப் பார்த்தே அவர் உளியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.